மதில்மேல் வைத்த சோறு

அப்பா,

விரல் நுனியில் சுட்ட தேங்காய் வாசனை இன்னும் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அதை முகர்ந்தால், கடையை அடைத்துவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், எலிக்கூண்டுக் கம்பியில் தேங்காய்ச் சில்லைக் குத்திக்கொண்டிருக்கும் உங்கள் முதுகு கண்முன் வருகிறது.

தி.நகரில் ரவிக்கைத் துணிக்கடை வைத்திருந்தவருக்கு எலிமேல் கொலைவெறி இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு இல்லை. புதுப் பட்டுத் துணியில் ஓட்டை விழுந்தாலும், "அதுக்குப் பட்டு என்ன, பருத்தி என்ன" என்று சிரித்துவிடுவீர்கள். மாட்டியதைக் கூண்டோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் வைத்து, துண்டைப் போர்த்தி, கிண்டிப் பக்கம் மரங்கள் அடர்ந்த மதிலோரம் கொண்டுபோய் விடுவோம். பின்னால் நான். ஒருநாள் சிக்னலில் போலீஸ்காரர் நிறுத்தினார், ஞாபகம் இருக்கிறதா?

"இன்னா சார் அது, மூடி எடுத்துக்கினு போறே?"

"எலி சார்."

"இன்னா, நக்கலா?"

நீங்கள் துண்டை விலக்கிக் காட்டினீர்கள். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"கிண்டியில கொண்டு விட்டுட்டு வாரேன் சார். அடிக்க மனசு வரல."

"யோவ், என் வூடே கிண்டிலதான்யா கீது!"

நான் சிரிப்பை அடக்கமுடியாமல் உங்கள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நீங்களோ அவரிடம் மன்னிப்புக் கேட்டு, வண்டியைத் திருப்பி, கொட்டிவாக்கம்வரை போனீர்கள். கூண்டைத் திறந்த பிறகு மிச்சத் தேங்காயையும் அதன் பக்கத்திலேயே வைத்தீர்கள். "ஏட்டி, போற எடத்துல அதுக்கு ஒரு வாய் வேணும்லா."

இப்போது நாங்கள் இருப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில், தரைத்தள வீடு. பின்னால் சின்னத் தோட்டம்: ஒரு செம்பருத்தி, ஒரு முருங்கை, துவைக்கிற கல். கல்லுக்கு அடியில்தான் எலிகள். நீங்கள் பார்க்காமலே போய்விட்ட உங்கள் பேத்தி இப்போது தவழ்கிறாள். தரையில் கிடப்பதெல்லாம் அவள் வாய்க்குத்தான். போன வாரம் தோட்டத்தில் அவள் மூடியிருந்த கையைப் பிரித்துப் பார்த்தேன். காய்ந்த சோற்றுப் பருக்கைகள், நடுவில் எலிப் புழுக்கை. பிஞ்சுக் கை சிவக்கச் சிவக்கக் கழுவினேன். அன்றிலிருந்து எலிக் காய்ச்சலைப் பற்றி போனில் படித்துப் படித்துத் தூக்கம் போயிற்று. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

உங்கள் மாப்பிள்ளை விஷ பிஸ்கட் வாங்கி வந்தார். எலிக்கு முன்னால் பாப்பா எடுத்துவிட்டால் என்று நான் அலறியதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பசை அட்டை வாங்கி வந்தார். அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"விஷம் வேணாம்ன, சரி. பசையும் வேணாம்னா எப்படி? எலி கூட வாடகை அக்ரிமெண்ட் போட்டுக்கலாமா?"

அவர் சொல்வதிலும் தப்பில்லை. பெற்றவருக்கு இருக்கிற பயம்தானே. வைத்தோம். மறுநாள் காலை ஒரு சுண்டெலி, வயிறு அட்டையோடு ஒட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சத்தமே வரவில்லை. சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்களில் ஊற்றி, குச்சியால் மெல்ல நெம்பி எடுத்துவிட்டேன். கொஞ்சம் ரோமத்தை அட்டையிலேயே விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே கல்லுக்கு அடியில் போய்விட்டது. பாப்பாவை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர், அட்டையைப் பேப்பரில் சுருட்டிக் குப்பையில் போட்டார்.

பிறகுதான் பரணிலிருந்து உங்கள் கூண்டை இறக்கினேன். தினமும் தேங்காய் சுட்டு வைத்தும் ஒன்றுகூட மாட்டவில்லை. ஏன் என்று தெரியாமல் நேற்று பொழுது சாயும் நேரத்தில் அடுக்களை ஜன்னலோரம் நின்று பார்த்தேன். ஒவ்வொன்றாக வந்தன. கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மதிலடிக்குப் போய், மேலிருந்து சிந்திய சோற்றைச் சாவகாசமாகத் தின்றன.

நான் உங்களுக்கு வைக்கிற சோறு, அப்பா.

நீங்கள் போனதிலிருந்து, பருப்பும் நெய்யும் பிசைந்து மதில்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் நான் சாப்பிடுகிறேன். காக்கா கொஞ்சம் கொத்திவிட்டுப் போய்விடும். உங்களுக்குக் குறைவாக வைக்க எனக்குக் கை வராது. மிச்சமெல்லாம் சரிந்து மண்ணில் விழுந்திருக்கிறது. பாப்பாவின் கையில் இருந்ததும் அந்தச் சோறுதான்.

"கொஞ்சமா வையேன். அது தின்னதும் மிச்சத்தை எடுத்துடு" என்றார் அவர், மெதுவாக. சரிதான். ஆனால் நீங்கள் எழுந்திருக்கும் முன்பே இலையை உருவுவது போல இருந்தது எனக்கு. எடுக்க மறந்துபோகும் ஒருநாளையும் நினைத்துப் பார்த்தேன். அந்த ஒருநாள் போதுமே.

இன்று காலை மதிலடியைக் கூட்டிக் கழுவினேன். வீட்டுக்குள் வரும் சாக்கடை வாய்க்குக் கம்பிவலை அடித்தோம். கல்லடியை மட்டும் தொடவில்லை. தின்ன ஒன்றும் இல்லையென்றால் தாமே வேறிடம் பார்த்துப் போய்விடும் என்கிறார்கள். கொல்லாமல் விரட்ட இதுதான் வழியாம். ஆனால் நீங்கள் ஒன்றையும் பட்டினியாக அனுப்பியதில்லை. அந்த நொண்டிக் கால் எவ்வளவு தூரம் போகும்?

சோறு வைக்கவில்லை. காக்கா வழக்கம்போல் வந்தது. மதிலில் இப்படியும் அப்படியும் நடந்துவிட்டு, அடுக்களையைப் பார்த்துக் கத்தியது. கதவுக்குப் பின்னால் பாப்பாவோடு ஒளிந்துகொண்டு நின்றேன். கடன்காரியைப் போல. அவளோ கையை நீட்டி, தினமும் நான் கூப்பிடுகிற அதே ராகத்தில், "கா, கா" என்றாள்.

பிசைந்த கிண்ணம் என் கையிலேயே இருந்தது. பழக்கத்தில் பிசைந்துவிட்டேன். அவள் வாயைத் திறந்தாள். உங்கள் கவளத்தை அவளுக்கு ஊட்டினேன். காக்கா பார்த்துக்கொண்டே இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நாளைக்கும் ஒரு கவளம் கூடுதலாகத்தான் பிசைவேன். கை அப்படிப் பழகிவிட்டது, அப்பா.