மியோவுக்கு வேறு எழுத்து

சுமிரே,

மிஸோ சூப் அடுப்பில் இருக்கிறது. பால் கொடுப்பவள் வெறும் வயிற்றோடு கிளம்பாதே. குழந்தை பிறந்து இன்று பதினாலாம் நாள். நகராட்சியில் பெயரைப் பதிய இதுதான் கடைசி நாள்.

நேற்று, "மியோங்கிற பேரை வேற அர்த்தம் வர்ற எழுத்துல எழுதலாமே" என்றேன். "என் பொண்ணுக்குப் பேர் வைக்கவும் உங்களைக் கேக்கணுமா, அத்தை?" என்று சீறினாய். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

உன் புருஷன் பிறப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வயதில் கடல் கொண்டுபோனது. அவளும் மியோ. படகு போகும் நீர்வழி என்று பொருள் வருகிறதே, நீ தேர்ந்தெடுத்த அதே எழுத்து. சாமி மாடத்தில் இறந்தவர்களுக்கு வைக்கும் பலகையில், செத்தபின் கோயில் கொடுத்த மறுபெயர்தான் இருக்கிறது. அதனால் அவனுக்கும் தெரியாது.

நீ வயிற்றைத் தடவி "மியோ" என்று கூப்பிட்ட மாதங்களில் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாம் நாள் குழந்தையின் பெயரெழுதிய தாளைச் சுவரில் ஒட்டினோமே, அன்றுமுதல் அதன் கீழே பாயில் ஈரக் காலடிகள். என் மகளுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அது. இன்று காலை கேட்டாள்: "என் பேருதானே எழுதியிருக்கு? அப்புறம் ஏம்மா அந்தப் பாப்பா என் இடத்துல படுத்திருக்கு?"

மேசையில் புதுத் தாள் இருக்கிறது. கூப்பிட அதே மியோதான். எழுத அழகு, நூல் என்று இரண்டு எழுத்து. தொப்புள்கொடி என்ற சொல்லை எழுதும்போது வரும் அதே நூல். குழந்தையை உன்னோடு கட்டிவைக்கும். இதையே பதிந்துவிடு, கண்ணே.

சுவரில் இருந்த பழைய தாளோடு கடற்கரைக்குப் போகிறேன்.

பி.கு.: பாயைத் துடைத்துவிட்டேன். நீ திரும்பும்போதும் காய்ந்திருந்தால், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று: அவளும் என்னோடு கிளம்பிவிட்டாள். "என் செருப்பு எங்கேம்மா?" என்று வாசலில் நிற்கிறாள்.