ஒரு காரில் இரண்டு கேப்டன்

அலெக்சாண்ட்ரியா, 4 பிப்ரவரி 1997

அன்பு இஜ்லாலுக்கு,

நலம். என் மானம் மட்டும் நலமில்லை. என் வீட்டுக்காரர் வஹீபுக்குக் கண்ணில் புரை. ஈஸ்டருக்குள் எனக்கு லைசென்ஸ் வராவிட்டால் காரை விற்றுவிடுவாராம். பிறகு இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

கற்கப் போன இடத்தில் வாத்தியார் எடுத்த எடுப்பில், "ஏறுங்க ஹாஜ்ஜா" என்றான். கிழவிக்கு நம் ஊர் வைத்திருக்கும் மரியாதைப் பெயர்! கழுத்தில் சிலுவை ஊசலாடுகிற என்னை மெக்காவுக்கே அனுப்பிவிட்டான். போகட்டும். கியர் மாற்றும்போதெல்லாம் புறங்கையில் ஒரு அடி. பிரேக்கும் அவன் கால், கிளட்சும் அவன் கால். எனக்கு மிஞ்சியது ஹாரன். பாதியில் இறங்கி டிராமில் வீடு வந்தேன். கார் போனதுதான்.

உன் எவ்லின்

தந்தா, 13 பிப்ரவரி

செல்ல எவ்லின்,

கிழவி என்றால் கோபம். பேரன் படத்தை மட்டும் ஊரெல்லாம் காட்டுவாய். கார் போனால், என்னைப் பார்க்க வராததற்கு உனக்கு இன்னொரு சாக்கு. உங்கள் ஊரிலேயே கார் கற்றுக்கொடுக்கிற கேப்டன் ரிஃப்அத் இருக்கிறார். காது கேளாத என் நாத்தனார் மகளுக்கு, ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, முகம் பார்த்துப் பேசியே கற்றுக்கொடுத்தார். போய்ப் பார். வாயைக் கொஞ்சம் அடக்கு.

இஜ்லால்

அலெக்சாண்ட்ரியா, 9 மே

அன்பு இஜ்லாலுக்கு,

ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழனன்று லைசென்ஸ் வந்துவிட்டது! அடுத்த வெள்ளிக்கிழமை வஹீபை ஏற்றிக்கொண்டு தந்தா வருகிறேன்.

"உங்களை எப்படிக் கூப்பிடணும்?" இதுதான் ரிஃப்அத் கேட்ட முதல் கேள்வி. கார் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லாரும் நமக்குக் கேப்டன்தானே. வாய் அடங்கவில்லை, என்னையும் கேப்டன் என்றே கூப்பிடச் சொன்னேன். சிரிக்காமல், "சரி கேப்டன்" என்றார். கேட்காமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். ஒருநாள் அவர் "கை வைக்கலாமா கேப்டன்?" என்று கேட்டு, நான் எதற்கு என்று கேட்டு முடிப்பதற்குள் ஆரஞ்சு வண்டியில் போய் முட்டினோம். இருவரும் குனிந்து பழம் பொறுக்கினோம். அவர் திட்டவில்லை. ஆபத்து என்றால் மட்டும் கேட்காமல் பிடிப்பதாகப் பேசி முடித்தோம். என் பயம் அன்றோடு போனது.

லைசென்ஸைக் காட்டப் போனபோது குரலைத் தாழ்த்தினார். "ஒரு உதவி கேப்டன். என் வீட்டுக்காரிக்கு நீங்க கத்துக்கொடுங்க. நான் கத்துக்கொடுக்கப் போனா கத்திடறேன்."

ஊருக்கெல்லாம் உத்தமரான மனுஷர்! நேற்று அவர் மனைவி சுஹாவைக் காலி மைதானத்துக்கு அழைத்துப் போனேன். மரியாதையாகத்தான் தொடங்கினேன். எங்கள் காரை அவள் மரத்துக்கு நேராக விட்டதும், இஜ்லால், நானும் கத்திவிட்டேன்.

சுஹா வண்டியை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டாள். "இறங்கி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க கேப்டன். நான் இங்கயே இருக்கேன்."

குடித்துவிட்டு வந்தேன். அடுத்த சுற்று அமைதியாகப் போனோம்.

உன் எவ்லின்