நூற்று நாற்பத்தொரு பந்துகள்

பிப்ரவரி 4, 2019 – திங்கள்

மைதானம் முழுக்கப் பனி. உடற்பயிற்சிக் கூடத்தில் வலையைக் கட்டி எறிய வைத்தேன். பதினோரு பிட்சர்கள். நாலு சுவருக்குள் பந்து கையுறையில் விழும்போது வெடி வெடித்தாற்போல் இருக்கும். இந்தக் கல்லூரியின் பேஸ்பால் அணியில் பந்து எறிகிற பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்து முப்பத்தொரு வருடம். அந்தச் சத்தம் இன்னும் அலுக்கவில்லை.

மதியம் அலுவலகத்திலிருந்து தகவல். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஹார்லன் தலைமைப் பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டார். அவர் இடத்துக்கு வருபவன் டுவேன் ஹாஸ்கின்ஸ்.

என் டுவேன்.

நோரீனிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: “உன்னை வெச்சுக்குவானா?”

தெரியவில்லை.

பிப்ரவரி 5

இத்தனை வருடமாக எழுதாததை எழுதிவிடுகிறேன்.

1998, மே மாதம். பிராந்தியப் போட்டியின் கடைசி ஆட்டம். டுவேனுக்கு இருபத்தொரு வயது. இடது முழங்காலை மார்பு வரை தூக்கி, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு எறிவான். அந்த ஒரு கணத்துக்காகவே ஊரில் பாதிப் பேர் ஆட்டம் பார்க்க வந்தார்கள். பேருந்தில் என் இருக்கைக்குப் பின்னால்தான் உட்காருவான். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, வழியில் வரும் ஊர்ப் பெயர்களையெல்லாம் தப்புத் தப்பாக வாசித்து எங்களைச் சிரிக்க வைப்பான். அந்த வசந்தத்தில் பெரிய அணிகளின் ஆட்கள் ஆறு பேர் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து அவனையே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்த வருடம் வேறு இல்லை.

வழக்கமாக நூறு பந்தோடு நிறுத்திவிடுவேன். அன்று ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது முடிந்தபோதே நூற்றுப் பன்னிரண்டு ஆகிவிட்டது. ஒரே ஒரு ஓட்டம் முன்னிலை. கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “சூப்பரா இருக்கு கோச்” என்றான். சொல்லிக்கொண்டே தண்ணீர்க் குவளையை இடது கையால் எடுத்தான். எல்லாவற்றுக்கும் வலது கையை நீட்டுகிறவன்.

நான் பார்த்தேன். பார்த்தும் – அவனையே திரும்ப அனுப்பினேன்.

நூற்று நாற்பத்தொரு பந்துகள். ஜெயித்தோம். முழங்கையில் தசைநார் கிழிந்துவிட்டது. இரண்டு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு அவன் எந்த அணிக்கும் எறியவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான் சொன்னேன்: அவனைக் கேட்டேன், நன்றாக இருக்கிறது என்றான். குவளையைப் பற்றி நோரீனிடம்கூடச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? கேள்வியே வேண்டாம், எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 11

டுவேன் வந்தான். நாற்பத்திரண்டு வயது, முன்தலையில் வழுக்கை. பக்கத்து மாவட்டத்துப் பள்ளியில் பதினைந்து வருடம் பயிற்சி கொடுத்திருக்கிறான்.

“உங்களைத் துரத்தத்தான் நான் வந்திருக்கேன்னு ஊரே பேசுதாமே கோச்” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னானா, புரியவில்லை. இந்தப் பருவம் முடியட்டும், பிறகு பேசலாம் என்றான்.

மார்ச் 2

முதல் ஆட்டம். 9–2 என்று தோற்றோம். எலும்பைத் துளைக்கிற காற்று.

மார்ச் 23

நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம். பையன்கள் எல்லோர் காதிலும் பாட்டு, சத்தமே இல்லை. முன்னிருக்கையில் டுவேன். அவன் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஓர் ஊர்ப் பலகை கடந்தது. அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்த மாதிரி இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 14

கடைசிப் பன்னிரண்டில் பத்து வெற்றி. காரணம் டோபின். நெப்ராஸ்கா மாட்டுப் பண்ணையிலிருந்து வந்த பையன். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். பந்துதான் பேசும்.

சாப்பிடும்போது, 97-இல் நான் பந்து பிடிக்கும் கேட்சரைப் பெட்ரோல் பங்க்கிலேயே விட்டுவிட்டு வந்த கதையை டுவேன் பையன்களுக்குச் சொன்னான். முப்பது மைல் தாண்டிய பிறகுதான் எனக்கு நினைவு வந்ததாம். பதினைந்து மைல்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பழைய டுவேன் அப்படியே இருக்கிறான்.

மே 11 – சனி

இன்று ஜெயித்தால் பிராந்தியப் போட்டி. ஏழாவது இன்னிங்ஸ், ஒரு ஓட்டம் முன்னிலை. டோபின் தொண்ணூற்றெட்டு பந்து எறிந்திருந்தான். கேட்டேன், நன்றாக இருக்கிறது என்றான். ஆனால் பந்தை வாங்கும் முன் ஒவ்வொரு தடவையும் விரல்களை உதறிக்கொண்டான்.

டுவேனிடம், டோபினை எடுத்துவிடலாம் என்றேன். “இன்னும் ஒரு இன்னிங்ஸ் கோச். அவனே போதும்னு சொல்லலையே” என்றான்.

என் கால் நடந்துவிட்டது. எறிமேட்டுக்குப் போய்க் கையை நீட்டினேன். டோபின் பந்தைக் கொடுக்க யோசித்தான், பிறகு கொடுத்தான். அடுத்து வந்தவன் இரண்டு ஓட்டம் விட்டான். தோற்றோம்.

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?” டுவேன் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது.

மே 12

காலையில் அவன் அறைக்குப் போய்க் குவளையைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும்.

அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் பொய் சொன்னேன், நீங்க நம்பிட்டீங்க. அப்படித்தான் இருபத்தொரு வருஷமா நெனச்சிட்டிருக்கேன். என் கையை நானே கெடுத்துக்கிட்டேன்னு.”

“எனக்குத் தெரிஞ்சுதான்டா உன்னை அனுப்பினேன்.”

எழுந்து வெளியே போய்விட்டான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து நோரீனிடமும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, “டுவேனோட அம்மா அன்னிக்கு ஆஸ்பத்திரில உன் கையைப் பிடிச்சு நன்றி சொன்னா, வெர்லின்” என்றாள். அவ்வளவுதான்.

மே 17

டோபினின் ஸ்கேன் வந்தது. தசைநார் வீங்கியிருக்கிறது, கிழியவில்லை. மூன்று மாத ஓய்வு போதும்.

ஜூன் 3

ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். டுவேன் வாங்கிப் படித்தான்.

“கோவம் இருக்கு கோச். போயிடும்னு சொல்ல மாட்டேன். சில நாள் உங்க மூஞ்சியைப் பாக்கவே பிடிக்காது.”

சரி என்றேன்.

“ஆனா அன்னிக்கு நான் டோபினைப் பாக்கல. ஸ்கோரைத்தான் பாத்துட்டிருந்தேன்.” கடிதத்தை என் பக்கம் நகர்த்தினான். “எடுத்துட்டுப் போங்க.”

ஜூன் 4

நாள் முழுக்கத் தோட்டத்தில் களை பிடுங்கினேன். நோரீன் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 26 – திங்கள்

புதிதாக நான்கு பிட்சர்கள் சேர்ந்திருக்கிறார்கள். டுவேன் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னான்: “கை வலிச்சா இவர்கிட்ட சொல்லுங்க. இவர் பந்தை வாங்க நடந்து வந்தார்னா, அதுக்கு மேல என்கிட்ட வந்து பேசறதுக்கு ஒண்ணும் இல்லை.”

என் பக்கம் பார்க்காமலே மட்டையாளர்களிடம் போய்விட்டான்.

நல்ல வெயில். இருபது பந்தோடு எல்லோரையும் நிறுத்தினேன்.