பலெர்மோவுக்கு ஒரு நாள் முந்தி

நேற்றுத் தோய்த்த உடுப்புகளை மடிக்கும்போது, ஜீன்ஸ் பொக்கற்றிலிருந்து ஒரு பஸ் ரிக்கற் வந்தது. எழுத்தெல்லாம் கலைந்து கூழாகியிருந்தது. பலெர்மோ என்பதை மட்டும் வாசிக்க முடிந்தது. மடிப்பதை விட்டுவிட்டு உனக்கு எழுத இருந்துவிட்டேன்.

யூனிவர்சிற்றியில் சிநேகிதமான நாளிலிருந்து உன்னைத் தெரியும். வருடத்தில் ஒரு கிழமை தனியே எங்காவது போவாய். போகுமுன் என்னையும் கேட்பாய். பிள்ளையின் பரீட்சை, விட்பிக்கு வீடு மாறியது, மாமியின் ஒப்பரேஷன் என்று எனக்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. ஒருமுறை ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் ஒரு பிறந்தநாள் விழாவில், எல்லோருக்கும் கேட்க, "தனியப் போய் என்னத்தைப் பாக்கிறாய்? படம் எடுத்துத் தரவும் ஆளில்லை" என்று பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

உன் செத்தவீடு முடிந்து இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பைத்தான் யோசிக்கிறேன். போன இடங்களில் நீ தனித்துப்போய் நின்றாயா? நான் வராதது உனக்குக் குறையாக இருந்ததா? இனி உன்னைக் கேட்க முடியாது. நானும் ஒரு நாள் அப்படி இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.

இத்தாலியில், பலெர்மோவில் இருக்கும் மச்சாள், மாமாவின் மகள், தன் பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குச் சொல்லியிருந்தாள். சொந்தக்காரர் இருக்கும் ஊரில் எங்கள் ஆட்களுக்குத் தனியே ஒரு நாள் கிடையாது. விமான நிலையத்திலேயே வந்து பிடித்துவிடுவார்கள். அதற்கு நீ ஒரு வழி வைத்திருந்தாய். "ஒரு நாள் முந்திப் போய் இறங்கு. அவைக்கு அடுத்த நாளெண்டு சொல்லு." அப்படியே செய்தேன்.

காலையில் பெரிய தேவாலயத்துக்குப் போனேன். "போவமா?" என்று கேட்க யாரும் இல்லாததால் ஒரு தூணின் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். பிறகு சந்தை. மீன்காரர்கள் இராகம் போட்டுக் கூவுகிறார்கள். ஸ்கூட்டர்கள் சனத்துக்குள்ளால் புகுந்து போகின்றன. ஒரு மரக்கறிக் கடையில் நின்றவரின் முகத்தைக் கண்டதும், யோசிக்காமல் "தமிழோ?" என்று கேட்டுவிட்டேன். நீயென்றால் பேசாமல் கடந்து போயிருப்பாய்.

"ஓம் அக்கா. ஆற்றை வீட்டை நிக்கிறியள்?"

ஹோட்டலில் என்றதும் அவர் முகம் கறுத்துவிட்டது. "நாங்கள் இத்தினை பேர் இருக்க ஹோட்டலோ?" என்றார். எந்த ஊர், யாருடைய மகள் என்று விசாரித்துக்கொண்டே ஒரு பை தோடம்பழத்தைக் கையில் திணித்தார்.

ஒரு மணித்தியாலத்தில் மச்சாளின் கோல் வந்தது. "நாளைக்கு வாறனெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

விமானத்தின் மேல் பழியைப் போடத்தான் வாய் வந்தது. போடவில்லை. "நாளைக்குத்தான் வாறன் மச்சாள். இண்டைக்குத் தனியச் சுத்திப் பாக்கப் போறன்."

 வீட்டில் அவரோடு ஏதும் பிரச்சினையோ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். இல்லை என்று நம்பவைக்கப் பத்து நிமிடம் போனது.

மிச்சப் பகல் முழுதும் நடந்தேன். இரண்டு தரம் வழி பிழைத்தது. பொரித்த சோற்று உருண்டையை நின்றபடியே சாப்பிட்டேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நீ உண்மையாகத்தான் சிரித்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறரைக்குக் கடற்கரைச் சுவரில் இருந்தேன். பக்கத்தில் ஒரு கிழவர், ஒரே கோனில் தனக்கு ஒரு நக்கு, நாய்க்கு ஒரு நக்கு என்று ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்தார். நாய் தன் முறை வரும்வரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. உடனே யாருக்காவது சொல்லவேண்டும்போல் இருந்தது. ரொறன்ரோவில் இப்போது என்ன நேரம் என்று கணக்குப் பார்த்தேன். பகல் பன்னிரண்டரை.

உன் கோல் எனக்கு எப்போதும் பன்னிரண்டரைக்குத்தான் வரும். மிசிசாகா கந்தோரில் அது என் சாப்பாட்டு நேரம். லிஸ்பனிலோ ஏதென்ஸிலோ நின்று நீயும் இப்படிக் கணக்குப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாய். "இஞ்சை ஒண்டு கண்டனடி" என்று தொடங்குவாய். வாயில் சோற்றோடு நான், "கெதியாச் சொல்லு" என்பேன். நீயும் கெதியாகச் சொல்லி முடிப்பாய்.

அந்தச் சுவரில் இருந்தபடி நீ சொன்ன எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். இரண்டுதான் முழுதாக வந்தன: ஏதென்ஸில் குடை பிடித்தபடி கடலில் குளித்த மனிசி, லிஸ்பனில் நின்றுபோன ட்ராமைத் தள்ளிய பாதிரியார். மற்றவற்றையெல்லாம் நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருக்கிறேன்.