கறுப்புக் கோடு போட்ட அறிவிப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

போன இடத்தில் வெற்றிலையாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா? இங்கே காஜா பேராங் வீட்டில் நீங்கள் போனதாகவே தெரியவில்லை. படியெடுக்கும் இயந்திரத்தில் ஸ்டென்சிலை மாட்டி உருளையைச் சுற்றினால் முதுகுக்குப் பின்னால் செருமுகிறீர்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பயம்தான், வேறென்ன?

சுதந்திரம் வந்தாயிற்று, குடியுரிமைக்கு மனுப் போடுகிறவர்கள் அதிகாரி முன்னால் மலாய் மொழியில் நாலு வார்த்தை பேச வேண்டுமே என்று நாம் கூடிச் செய்த கேள்வி பதில் புத்தகம் இன்னும் தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருக்கிறது. யாரும் படியெடுக்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம் என்று முதல் பக்கத்தில் போட்டது நீங்கள். திருத்தங்கள் உங்கள் பெயருக்கே வருகின்றன. தபால்காரர் வாசலில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் அக்காள் அடுப்படியில் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறாள்.

நீங்கள் விட்டுக்கொடுக்காதது, புத்தகம் வாங்கியவர்களுக்கு நாம் தபாலில் அனுப்பும் அறிவிப்புத் தாளில்தான். புத்தகத்தில் என்ன மாறியது, அதிகாரி எங்கே, என்றைக்கு வருகிறார், அவ்வளவே. நம் சங்கத் தலைவர் தன் மகள் கல்யாணத்தைப் போடச் சொன்னபோது முகத்துக்கு நேராகவே கேட்டீர்கள்:

"கண்டதையும் போட்டா நாளைக்கு நம்ம தாள எவன் படிப்பான், தலைவரே? மொளகா மடிக்கத்தான் ஆவும்."

நீங்கள் போனதும் அதே தலைவர் அழுதுகொண்டு வந்தார். "தாள் வாங்குற அத்தன பேருக்கும் தெரியணும்பா" என்றார். மறுக்க யாருக்கு மனம் வரும்? சுற்றிலும் கறுப்புக் கோடு கட்டி, உங்களைப் பற்றி உருகி உருகி எழுதினோம். பதிவு அதிகாரி குருபோங் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, உஜோங் பாசிருக்கு மாற்றிவிட்டார்கள் என்பதை அடியில் சேர்த்தோம்.

கறுப்புக் கோடு போட்ட தபாலை நம் சனம் என்ன செய்யும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, மச்சான்! வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தானே வீட்டுக்குள் நுழைவார்கள்?

போன வாரம் முத்தம்மா வந்தாள். குருபோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நம் தாள் வந்தால் கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சேதி சொல்கிறவள் அவள்தான்.

"எங்கய்யா ஒம் மச்சான்? கூப்புடு, நாயம் கேக்கணும். லயத்துச் சனம் அம்புட்டும் குருபோங்குல வெயில்ல காஞ்சு கெடந்துச்சு. ஒரு அதிகாரியும் வரல."

"தாள் வரலியாக்கா?"

"வந்துச்சு, கறுப்புக் கோடு போட்டு. எந்தப் பெரிய மனுசன் சாவோன்னு வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டுத் தல முழுகிட்டேன். எழவுத் தாளக் கடைக்குக் கொண்டுபோயி யாரு நீட்டுவா? நீ மொதல்ல அவரக் கூப்புடு."

சத்தம் கேட்டு அக்காள் வெளியே வந்தாள். பொட்டில்லாத அந்த நெற்றியைப் பார்த்ததும் முத்தம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, அவருக்கா தல முழுகுனேன்?"

அக்காள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். இன்னும் எத்தனை வாசலில் அந்தத் தாள் கிழிந்ததோ? எத்தனை பேர் உங்களிடம் சண்டை போட வரப்போகிறார்களோ? யாராவது படலைத் தள்ளினாலே எனக்குத் திக்கென்கிறது.

பதிவு அலுவலகத்துக்கு ஓடிப் போய்க் கெஞ்சினேன். விட்டுப்போனவர்களுக்காக அதிகாரி இன்னொரு முறை உஜோங் பாசிரில் உட்காருவார். இன்று புதுத் தாளைத் தபாலில் சேர்த்துவிட்டேன். இடம், நாள், கொண்டுவர வேண்டிய காகிதங்கள். கோடு இல்லை. உங்கள் பெயரும் இல்லை.

ஆக, பல தோட்டங்களில் நீங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறீர்கள், மச்சான். நீங்கள் போனதைச் சொல்ல, நீங்கள் போட்ட சட்டப்படி அந்தத் தாளில் எனக்கு இடம் கிடையாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று, நீங்கள் செத்துப்போனீர்கள் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு வருவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவிக்குத் தம்பி, உங்களுக்கு மச்சினன்,
கோபால்