மாப்பிள்ளை வாங்கிய ரப்பர் கையுறைகள்

மார்ச் 4, திங்கள்
பெயிண்டர் வேலையை விட்டுப் போய்விட்டான். மாப்பிள்ளையின் வாய்க்கு யார்தான் தாக்குப்பிடிப்பார்கள்? இனி கீழே பட்டறையில் ஸ்பிரே துப்பாக்கியைப் பிடிக்கப்போவது என் மகள். பெயிண்ட் துளிகளுக்கு மின்சாரம் ஏற்றி இரும்பு நாற்காலியில் ஒட்டவைக்கும் இயந்திரம் அது. பல்லாயிரம் வோல்ட். மாப்பிள்ளைக்கு அது விளையாட்டுச் சாமான்.

மார்ச் 5
இயந்திரத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். மாப்பிள்ளை பிரித்ததே இல்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பாடத்தைப் பாதி மட்டும் படித்துப் போனாலே நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் வெளியே நிறுத்துவார். இவரை எங்கே நிறுத்தியிருப்பாரோ!

மார்ச் 7
ஷாக் அடிக்கக் கூடாதென்று மனைவிக்கு ரப்பர் கையுறையும் ரப்பர் பூட்ஸும் வாங்கி வந்திருக்கிறார். பெருமை தாங்கவில்லை.

இறங்கிப்போய்ச் சொன்னேன். வெறும் கை துப்பாக்கியின் பிடியில் பட வேண்டும். உடம்பில் சேரும் மின்சாரம் அதன் வழியாகத்தான் எர்த்துக்கு இறங்கும். ரப்பர் போட்டால் உடம்பிலேயே தேங்கும். அடுத்து எந்த இரும்பில் பட்டாலும் பொறி பறக்கும். பக்கத்திலேயே பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாளி, பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும்!

"அத்தை, ரப்பர்ல கரண்ட் பாயாதுன்னு மூணாங்கிளாஸ் பையனுக்கே தெரியும்."

"அவனுக்கு அவ்வளவுதான் தெரியும், மாப்பிள்ளை."

மகள் சிரிப்பை அடக்கினாள். கையுறையைக் கழற்றவில்லை. புருஷன் ஆசையாக வாங்கித் தந்ததாம்.

மார்ச் 8
கையுறைகளில் உள்ளங்கைப் பக்கத்தைக் கத்தரித்து வைத்தேன். புத்தகம் சொல்லும் வழிதான்.

"உங்கம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? புத்தம் புதுச கிழிச்சு வச்சிருக்காங்க!" எனக்குக் கேட்கட்டும் என்றுதான் கத்தினார்.

மார்ச் 9
புது ஜோடி வாங்கிவிட்டார். பட்டறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். எனக்கு! என் வீட்டில்!

மார்ச் 11
தீ.

மகளின் முழங்கை இரும்பு ஸ்டாண்டில் உரசியதாம். பொறி. கீழே தின்னர் வாளி — குப்பென்று. மணலைக் கொட்டி அணைத்தது மாப்பிள்ளைதான். அதை மறைக்க மாட்டேன். என் குழந்தையின் இடது கை... தோல் — போதும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். பாவி, சொன்னேனேடா! எம்புள்ளைய கொன்னுருப்பியே! மாப்பிள்ளையை 'டா' போட்டது இதுவே முதல் தடவை. வருத்தமில்லை.



மார்ச் 12
எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 20
படுத்தபடியே மகள் அந்தப் புத்தகத்தைக் கேட்டாள். கொடுத்தேன். அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

ஏப்ரல் 15, திங்கள்
கை ஆறியது. இன்று பட்டறையில் இறங்கினாள். வேண்டாம் என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார். இருவரையும் அவள் சட்டை செய்யவில்லை.

முதலில் விசிறியைப் போட்டாள். தின்னரை வெளியே வைத்தாள். எர்த் கம்பியை இழுத்துப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"பாக்கெட்ல என்ன, சாவிக்கொத்தா? இரும்ப பாக்கெட்ல வச்சுக்கிட்டு உள்ள வரக் கூடாதுன்னு புத்தகத்துல இருக்கு. வெளிய போங்க."

திருப்தியாகத் தலையாட்டினேன்.

"நீயும்தாம்மா. மூட்டுவலிக்கு டாக்டர் குடுத்த செருப்பு, அது மட்டும் ரப்பர் இல்லையா? கிளம்பு."

எனக்கா? அந்தப் புத்தகத்தை முதலில் படித்தவள் நான்!

கதவு சாத்திக்கொண்டது. அவர் அங்கிருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்து என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை. உள்ளே துப்பாக்கியின் சீறல் ஓய்ந்து, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவள் இருமும் சத்தம் சொல்லும்வரை இருவரும் நின்றுகொண்டே இருந்தோம்.