இரண்டு பேர் சுமந்த பாவு

இன்று காலை என் மகன் வீடு மாற்றும் யோசனையோடு வந்து நின்றான். அடுத்த தெருவுக்குத்தான் போகிறான். கூலிவண்டி எதற்கு, தெருக்காரர்களைக் கூப்பிட்டால் எல்லோருக்கும் இலை போடவேண்டுமே, நாமே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் போய்விடலாம் என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து அவனைக் கண்டபடி ஏசிவிட்டேன். பாவம், ஒன்றும் புரியாமல் விழித்தான். அவன் பேசியது இருபது வருஷத்துக்கு முன்பு நான் பேசிய பேச்சு. அதை உன்னிடம்தான் பேசினேன், நண்பா.

நீ இன்று இருந்திருந்தால் உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். வைகாசி மாசம் அது. பழைய வீட்டைவிட வாடகை குறைவாக, இரண்டு தெரு தள்ளி எனக்கு ஒரு வீடு கிடைத்தது. தறியில் பாதி நெய்த சேலை, மீதி நீளமெல்லாம் இன்னும் நெய்யாத பாவு இழை. பாவு முடியும்வரை காத்திருந்தால் பழைய வீட்டுக்கு இன்னொரு மாச வாடகை அழவேண்டும். அதனால் பாவோடு தறியை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். சாமான்களை நானும் என் மனைவியும் மூன்று நாளாகத் தலையிலேயே சுமந்து தீர்த்துவிட்டோம். பாவுதான் மிச்சம். நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியாததா? ஓடுகிற பாவை மாற்றும்போது இரண்டு பேர் இரண்டு முனையையும் விறைப்பாகப் பிடித்து நடக்க, நாலு பேர் நடுவில் கை கொடுப்பார்கள். தூக்கிய பாவை வழியில் இறக்கக் கூடாது. தளர்ந்தால் பட்டு சிக்கிக்கொண்டு அத்தனையும் பாழ். வேலை முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் வடை பாயசத்தோடு சாப்பாடு போடவேண்டும்.

அந்தச் சாப்பாட்டை மிச்சம் பிடிக்கத்தான் கருட சேவை நாளைத் தேர்ந்தெடுத்தேன். வரதர் கருடன்மேல் ஏறி விடியற்காலையில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு நம் பக்கம் வருவார். தெருவில் ஒரு ஆள் இருக்க மாட்டான். ஆள் இல்லாதபோது மாற்றினால் ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் கேட்க முடியாது. அதை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

ஆனால் இன்னொரு முனையைப் பிடிக்க ஒருவன் வேண்டுமே. உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நீ குளித்து, நாமம் போட்டு, வேட்டி மாற்றிப் புறப்பட்டுக்கொண்டிருந்தாய். அந்த வருஷம் உன் பார்வை வேகமாக மங்கிக்கொண்டு வந்தது. வைத்தியர் கைவிரித்துவிட்டார். இழை அறுந்தால் தடவித்தான் பிடிக்கிறேன் என்று நீயே சொல்லியிருந்தாய். கண் இருக்கும்போதே ஒருமுறை பெருமாளைக் கருடன்மேல் பார்த்துவிட வேண்டும் என்று தையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாய். எல்லாம் தெரிந்தும் கேட்டேன்.

"சாமி வர எட்டு மணியாவும்பா. அதுக்குள்ள தூக்கி வெச்சுட்டு ரெண்டு பேரும் போலாம்" என்றேன். எட்டு மணி என்று யார் சொன்னார்கள்? நானே சொல்லிக்கொண்டதுதான்.

இரண்டாவது தெரு திரும்பும்போது ராஜவீதிப் பக்கமிருந்து மேளம் கேட்டது. நீ நின்றாய். உன் முனையில் ஒரு நடுக்கம் வந்தது. பாவு வழியாக அது என் கைக்குத் தெரிந்தது.

"சாமி வந்துடுச்சாபா?"

"கல்யாண மேளம்பா. நீ நட."

நீ நடந்தாய். ஒரு இழை தளராமல் கொண்டுவந்து சேர்த்தாய். தறியில் கட்டி முடித்ததும் ஓடினாய். நானும் பின்னால் ஓடிவந்தேன். ராஜவீதியில் மிதிபட்ட துளசியும், நீர்மோர் குடித்துக்கொண்டு நின்ற ஜனங்களும்தான் இருந்தார்கள். சாமி திரும்பும்போதாவது பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, மத்தியானம் வரை அலைந்தோம். வேறு வழியாகத் திரும்பிவிட்டார்கள். உனக்கு அன்று என் வீட்டில் பழைய சோறும் ஊறுகாயும் போட்டேன். ஆறு பேருக்குச் சமைக்க நினைத்திருந்தால் உனக்காவது நல்ல சோறு கிடைத்திருக்கும்.

அடுத்த வைகாசிக்குள் உன் பார்வை முழுக்கப் போய்விட்டது. உன் கையைப் பிடித்து ராஜவீதிக்குக் கூட்டிப்போனேன். குடைகள் ஆடிக்கொண்டு வந்தன. ஜனங்கள் கூப்பிய கைகளோடு நெருக்கினார்கள்.

"இன்னா பட்டு சாத்தியிருக்காங்க?" என்று கேட்டாய். நெசவுக்காரனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? பச்சை, அரக்குக் கரை என்றேன்.

"போன வருஷம் இன்னா பட்டு?"

நான் ஆடிப்போகும் குடைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என் கையைத் தட்டிக் கொடுத்தாய்.

"அது கல்யாண மேளம் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்பா. பாவ கீழ போட மனசு வரல. உன் பொழப்பாச்சே."

அதற்குப் பிறகு நீ இருந்த ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும். மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை உன் வாசல்வரை வந்தேன். உள்ளே வந்து வெயிலைப் பற்றியும் பட்டு விலையைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பினேன்.

பாதி நெய்த பாவை ஒரு இழை அறாமல் இரண்டே பேர் மாற்றினார்கள் என்று நம் தெருவில் இன்றும் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம்கூட எதிர்வீட்டுக்காரர் தன் புது மருமகனுக்கு என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொன்னார். அவன் என்னை மரியாதையோடு பார்த்தான். நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.